பெங்களூரில் இருந்துகொண்டு திங்கள்சந்தையில் வீடு செப்பனிட்ட கணக்கு

நேற்று கொத்தனாருக்குக் கடைசிப் பாக்கி 9,500 ரூபாயை அனுப்பிவிட்டேன். ஆடி முடிந்து, மழையும் ஒரு சுற்று ஓய்ந்து, அடுக்களைக் கூரையில் ஈரம் இல்லை என்று சித்தி நியூஸ்பேப்பரை அழுத்தி ஒட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சார், பைசா கிட்டிச்சு. இனி ஐப்பசி மழையயும் பாக்கணும்னு சொல்லிராதீங்க."

ஏழு மாதம் இழுத்த வேலை. இடையில் ஒரு கான்ட்ராக்டரோடு கணக்கு முறிந்தது, ஒரு பாத்ரூமை இரண்டு முறை கட்டினேன், ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்டம் போனது. தூரத்தில் இருந்துகொண்டு ஊரில் வாடகைக்கு விட வீடு வாங்கிச் செப்பனிட நினைப்பவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போகும் வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஐந்தரை சென்ட். 1996-ல் கட்டியது. கீழே 800 சதுர அடி, மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் சேர்ந்து 350. பின்னால் அடுக்களையை ஒட்டி ஓடு போட்ட ஒரு சாய்ப்பு. மாடி பாத்ரூம் சரியாக அடுக்களைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான். 2023 ஆகஸ்டில் பத்திரம் பதிந்தேன். பெங்களூரில் மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் காலை நாகர்கோவில், அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாதம் ஒருமுறை போய் வந்தால் போதும் என்பது அப்போதைய கணக்கு.

சித்தி வீடு அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவி அவரிடம்தான் இருந்தது. அந்த வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழை பெய்ததே, அன்று குடையோடு போய் வீட்டைத் திறந்து, எங்கெல்லாம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டு வைத்தார். பதினோரு வட்டம். அடுக்களையில் மட்டும் நான்கு. எந்த இன்ஜினியர் வந்து பார்த்திருந்தாலும் அதைவிட நல்ல ஆய்வு கிடைத்திருக்காது. வெயில் காலத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு வீட்டின் பாதிதான் தெரியும்.

மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டேன். ஒருவர் 7,90,000, இன்னொருவர் 5,20,000, மூன்றாமவர் 6,40,000. நடுவில் இருந்தவரைப் பிடித்தேன். விலை நடுவாக இருந்தால் ஆளும் நடுநிலையாக இருப்பார் என்று ஒரு நினைப்பு. பேச்சும் இதமாக இருந்தது: "சார் ஒண்ணும் பயப்படாண்டாம், நான் பாத்துக்கிடுதேன்." பொருளும் கூலியும் அவருடையது, முழு கான்ட்ராக்ட். ஒப்பந்தம் என்று எங்களிடம் இருந்தது ஒரு பக்கக் காகிதம். அதில் "பாத்ரூம் இரண்டு, வாட்டர் புரூஃப் செய்து டைல் ஒட்டுவது – 1,35,000" என்று ஒரு வரி. வாட்டர் புரூஃப் என்றால் என்ன, எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம், எப்படிச் சோதிப்பது, ஒன்றும் இல்லை. 2024 ஜனவரி 22-ம் தேதி 40 சதவீதம் முன்பணம், 2,56,000 அனுப்பினேன். எழுபத்தைந்து நாளில் முடித்துத் தருவதாகப் பேச்சு.

முதல் மாதம் வேலை பறந்தது. இடிப்பது எப்போதும் வேகமாகத்தான் நடக்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு இருபது படம் வரும். நான் ஆபீஸ் முடிந்து டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். உடைத்த டைல்ஸ் குவியல், காடி வெட்டிய சுவர், பின்னறையில் புதிய பூச்சு, மாடி பாத்ரூமில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று தடவிய வாட்டர் புரூஃப் கோட். பிப்ரவரி 24-ல் இன்னொரு 1,20,000 கேட்டார், கொடுத்தேன். ஆகக் கையை விட்டுப் போனது 3,76,000.

அப்புறம் மார்ச் வந்தது. எங்கள் மாவட்டத்தில் வேலை வைக்கிறவர்கள் காலண்டரை முதலில் பார்க்க வேண்டும். மண்டைக்காட்டு மாசிக் கொடை பத்து நாள். அதற்குள்ளேயே மகா சிவராத்திரியும் சிவாலய ஓட்டமும். கையாட்களில் இரண்டு பேர் காவி கட்டிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடப் போய்விட்டார்கள். கடைசி வாரம் குருத்தோலை ஞாயிறில் தொடங்கி ஈஸ்டர் வரை. போதாக்குறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கூலி கூடுதல் என்று திருவனந்தபுரத்தில் ஒரு வேலைக்கு இறங்கிவிட்டார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படம் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

மார்ச் 11-ம் தேதி பின்னறைப் பூச்சு முடிந்ததாக ஐந்து படம் வந்தது. சித்திக்கு போன் போட்டு, வேலை நன்றாகப் போகிறது போலிருக்கிறதே என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. "மக்ளே, பூட்டு நாலு நாளா தொறக்கல்ல. சாவி எங்கையிலதான் கெடக்கு. உள்ள ஆரு பூசுதா?" என்றார். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 19-ம் தேதி அனுப்பிய அதே அறை, வேறு மூலையில் நின்று எடுத்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அறை அவர் பூசியதுதான், தேதி மட்டும்தான் வேறு.

புனித வெள்ளிக்கு, மார்ச் 29 காலை ஊரில் இறங்கினேன். கான்ட்ராக்டர் வீட்டு வாசலிலேயே நின்றார். ஈஸ்டருக்கு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு லட்சம் வேண்டும், ரொக்கமாக. தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டன, 50,000-க்கு மேல் ஆதாரம் இல்லாமல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும், பேங்க் திறந்ததும் பார்க்கலாம் என்றேன். உண்மையும் அதுதான். அந்த ஐம்பதாயிரம் விதி இல்லாவிட்டால் அன்றைக்கே எண்ணிக் கொடுத்திருப்பேன். ஆள் வாசலில் நின்று கேட்கும்போது இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆக இரண்டு நாள் கிடைத்தது. மாடி பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. டைல்ஸ் ஒட்டி முடிந்து, பாயின்டிங்கும் ஆகி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சித்தி பேரனின் டப்பாவிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து வந்திருந்தார். தரையில் நடுவாக வைத்தார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, மெதுவாக உருண்டு வாசல் பக்கம் வந்து நின்றது. தண்ணீர் போக வேண்டிய நஹானி டிராப் எதிர் மூலையில் இருக்கிறது. இன்னும் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் வாசலுக்கே வந்தன.

டிராப்பின் வாயில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிய துணியைத் திணித்து அடைத்தேன். வாசற்படியில் களிமண்ணை சாக்குத் துண்டில் பொதிந்து ஓர் அணை. பிறகு தண்ணீர் திறந்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை டிராப் மூலையில் நிறுத்திப் பார்த்தபோது மாலை ஏழு மணிக்கு 28 மில்லிமீட்டர். சுவர் டைல்ஸில் பென்சிலால் ஒரு கோடும் போட்டேன். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் 9 மில்லிமீட்டர். காற்றில் போனது என்று ஒன்றிரண்டைத் தள்ளலாம், பதினெட்டைத் தள்ள முடியாது. பாத்ரூம் ஏழடிக்கு நாலரை அடி. 19 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 55 லிட்டர். மூன்று குடம் தண்ணீர் ஒரே ராத்திரியில் காணாமல் போயிருக்கிறது. கீழே அடுக்களையில் ஃபேன் கொக்கியைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம், கொக்கியின் நுனியில் சொட்டு. டிசம்பரில் சித்தி போட்ட கரி வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

போனில் அந்தச் சாம்பல் கோட் படத்தை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படம்தான், வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஆனால் அதில் மூலைகள் இல்லை. சுவரும் தரையும் சேரும் கோடு எந்தப் பக்கமும் சட்டத்துக்குள் வரவில்லை. டிராப்பும் இல்லை. நடுத்தரை மட்டும். ஒரு மாதமாக அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! இருப்பதைத்தான் பார்த்தேன், இல்லாததைத் தேடவில்லை.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி ஊற்றினால் நின்றுவிடும் என்றார். உடைத்துப் பார்க்கலாம் என்றேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை, காகிதமும் இல்லை. முடிந்த வேலையை ஊரில் நியாயமான ஒருவரை வைத்து மதிப்பிட்டதில் 2,70,000 வந்தது. மீதி 1,06,000-க்கு அவர் பணமாக எதுவும் தரவில்லை. 28 பெட்டி டைல்ஸ், ஒன்பது மூட்டை சிமெண்ட், கொஞ்சம் பைப் விட்டுவிட்டுப் போனார். அதன் மதிப்பு நாற்பத்தைந்தாயிரம் இருக்கும். மாடி பாத்ரூமை நல்ல வேலை என்று கணக்கில் சேர்த்ததால் அதிலும் ஒரு முப்பதாயிரம் எனக்கு நஷ்டம். சிமெண்ட் 62 மூட்டை என்று எழுதியிருந்தார். சித்தி எண்ணிய காலிச் சாக்கு 41. காலிச் சாக்கை ஆட்கள் எடுத்துப் போவதும் உண்டு என்பதால் அதை வைத்து நான் வாதாடவில்லை.

அடுத்த கொத்தனாரைப் பிடித்தது சித்தி. ஏழாம் வகுப்பில் அவரிடம் படித்தவராம். ஐம்பது வயது ஆள், இன்றைக்கும் சித்தி வந்தால் பீடியைக் கீழே போட்டுவிட்டு "டீச்சர்" என்று எழுந்து நிற்கிறார். ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் இதற்கு ஈடாகாது, ஆனாலும் இந்த முறை எழுதினேன். மீதி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கூலி மட்டும் பேசினோம். கொத்தனாருக்கு நாளுக்கு 1,200, கையாளுக்கு 900 என்பது அடிப்படை. முன்பணம் ஒரு வாரக் கூலி. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் 90 சதவீதம், மீதி பத்து மழை பார்த்த பிறகு.

"மழை பெய்யல்லண்ணா?" என்று கேட்டார்.

ஆனி ஆடியில் நம்மூரில் மழை பெய்யாத ஒரு வருடத்தைச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

படம் எடுக்கும் முறையையும் மாற்றினோம். சிவப்பு பெயின்ட்டால் தரையில் எட்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். தினமும் அந்தக் குறிமேல் நின்றுதான் எடுக்க வேண்டும், ஒரே பக்கம் பார்த்து. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும். மூடப்போகும் எதுவானாலும், பைப், ஒயர், கம்பி, கோட், டேப்பை விரித்து வைத்து ஒரு படம். மூலை கட்டாயம் தெரிய வேண்டும். இருபது படம் எட்டாகக் குறைந்தது, எனக்குத் தெரிந்தது பல மடங்கு கூடியது.

முதல் வேலையாக மாடி பாத்ரூமை உடைத்தார்கள். டைல்ஸுக்கு அடியில் அரை அங்குலக் கலவை, அதற்கடியில் அந்தச் சாம்பல் கோட். தரையில் மட்டும் ஒரு கோட். சுவரில் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. டிராப்பைச் சுற்றிச் செங்கல் துண்டும் உதிரிக் கலவையும். விரலை விட்டால் உள்ளே போகிறது. அதற்கும் கீழே, பைப் போவதற்காக ஒன்பது அங்குலம் தாழ்த்திப் போட்ட பள்ளத் தளம், அதில் 1996-ல் நிரப்பிய செங்கல் ஜல்லி. கொத்தனார் ஒரு துண்டை எடுத்துக் கையில் பிழிவது போல அழுத்திக் காட்டினார். "சார், இது பஞ்சு மாரி. குடிச்ச தண்ணிய லேசில விடாது. இதுக்க மேல எத்தர டைல் ஒட்டினாலும் அடுக்களை நனையத்தான் செய்யும்."

முழுவதையும் வாரி வெளியே போட்டார்கள். 43 சாக்கு. சுமந்த கையாள் பையனுக்கு அன்றைக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். அடித்தளம் தெரிந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, டிராப்புக்கும் பைப்புக்கும் சுற்றிலும் இடுக்கை அடைக்கும், சுருங்காத கிரவுட் கலவையை ஊற்றினார். மூலைகளைக் கலவையால் வளைத்து உருட்டினார், கூர்மூலையில் கோட் வெடிக்கும் என்பதால். பிறகு பவுடரும் திரவமும் சேர்த்துக் கலக்கும் பாலிமர் கோட், முதல் கை நீளவாட்டில், அது காய்ந்ததும் இரண்டாம் கை குறுக்குவாட்டில். மூலைகளில் ஃபைபர் வலையை நடுவில் வைத்து. இது பள்ளத்துக்குள் மட்டும். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டோம். சித்தி காலை மாலை ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பினார்: 60, 60, 59, 59, 58. நான் அந்த இரண்டு நாளும் ஆபீஸில் உருப்படியாக ஒரு வேலையும் பார்க்கவில்லை.

பள்ளத்தை மறுபடி செங்கல் ஜல்லியால் நிரப்பாமல், எடை குறைந்த ஏஏசி பிளாக்கை வெட்டி அடுக்கிக் கலவை போட்டார். மேலே சரிவோடு ஒரு தளம்: வாசலிலிருந்து டிராப் வரை ஏழடியில் ஒன்றேகால் அங்குலம் இறக்கம். ரசமட்டத்தையும் மணியாஸ் கட்டையையும் வைத்துக்கொண்டு அரைநாள் அதிலேயே உட்கார்ந்திருந்தார். அதன்மேல் மறுபடி இரண்டு கோட், சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி. மறுபடி 48 மணி நேரத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் டைல்ஸ். கடைசியில் சித்தி கோலியை வைத்தார். வைத்த எல்லா இடத்திலிருந்தும் டிராப்பின் ஜாலிமேல் போய் டக்கென்று நின்றது. அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

கூலி ஒன்பது நாள், 18,900, 19,000-ஆகக் கொடுத்தேன். பொருள் 39,000: இரண்டு கிட் கோட் 7,200, புதிய டைல்ஸ் 11,000, பைப்பும் டிராப்பும் 6,400, பிளாக், மணல், சிமெண்ட் 5,900, குழாய் வகையறா 8,500.

இதில் என் சொந்தப் பிழை ஒன்றும் உண்டு. பொருளையெல்லாம் நானே திங்கள்சந்தைக் கடைக்கு போன் போட்டு வாங்கி நேராகப் பணம் அனுப்பினேன். திருட்டுக்கு வழியில்லை, சரி. ஆனால் நான்கு அங்குல டிராப்புக்குப் பதில் மூன்று அங்குலத்தைச் சொல்லிவிட்டேன். ஆட்டோவில் வந்து, திரும்பிப் போய், மறுபடி வர மூன்று நாள். கொத்தனாருக்கும் கையாளுக்கும் ஒரு நாள் சும்மா இருந்த கூலி கொடுத்தேன். டைல்ஸிலும் அப்படித்தான்: கான்ட்ராக்டர் விட்டுப்போன 28 பெட்டியோடு இன்னும் ஐந்து பெட்டி தேவைப்பட்டது. அதே கம்பெனி, அதே நம்பர், ஆனால் பேட்ச் வேறு. போனில் ஒன்றாகத் தெரிந்தது, தரையில் ஒரு சாயல் மஞ்சள். பின்னறையில் கட்டில் வரும் இடத்தில் ஒட்டி மறைத்தோம்.

சன்ஷேடு இரண்டும் அடுத்த தலைவலி. கடல் நாலைந்து கிலோமீட்டர்தான். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, அடிக் கான்கிரீட்டைத் தள்ளிவிட்டிருந்தது. முதல் கான்ட்ராக்டர் அதன்மேல் வழவழப்பாகப் பூசி வைத்திருந்தார். புதிய கொத்தனார் சுத்தியல் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். பொத்தென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தச் சொன்னார். 8 எம்எம் கம்பி சில இடத்தில் 5-க்கு வந்திருந்தது. கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி, துருவைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, மெலிந்த இடத்தில் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பிடிப்புக் கோட் ஈரமாக இருக்கும்போதே பாலிமர் கலவையை இரண்டு அடுக்காக ஏற்றினார். 46,000 ஆனது. இது எனக்கு உறுத்தியது. மதிப்பீட்டில் இதற்கு ஒரு பைசாவும் ஒதுக்கியிருக்கவில்லை.

சாய்ப்பில் ஓட்டைத் தாங்கும் மரப் பட்டியல் பாதி சிதல் அரித்தது. பழைய ஓடு, புதுப் பட்டியல், 39,000. பக்கத்து விளைத் தென்னை அதன்மேல் சாய்ந்திருக்கிறது. வேலை முடிந்த மூன்றாம் நாளே ஒரு தேங்காய் விழுந்து இரண்டு ஓடு போனது. அதற்கு யாரிடம் பத்து சதவீதம் பிடிப்பது?

கரண்டு வேலையில் ஒரே ஒரு சங்கதி. கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டதும் அடிக்கடி விழுந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார். கழற்ற விடவில்லை. தேடியதில், மாடி அறையின் நியூட்ரலைப் பழைய ஒயரிங்கில் கீழறை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருந்தது தெரிந்தது. பிரித்ததும் நின்றது. பிறகு கீசருக்குச் சுவரில் ஓட்டை போடும்போது டேப் வைத்த படங்கள் கைகொடுத்தன: "தரையிலிருந்து 5 அடி 2 அங்குலத்தில் பைப் போகிறது, ஆறில் போடுங்கள்" என்று பெங்களூரிலிருந்து சொன்னேன். அவர் முதல்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்த மாதிரி இருந்தது, வீடியோ காலில் அப்படித் தெரிந்திருக்கலாம்.

மே நடுவிலேயே மழை பிடித்துக்கொண்டது. வெளிப் பெயின்ட் மூன்று வாரம் தள்ளிப்போனது. ஜூன் 22-ல் எல்லாம் முடிந்தது. இரண்டாம் கட்டச் செலவு: பாத்ரூம் 58,000, சன்ஷேடு 46,000, சாய்ப்பு 39,000, கரண்டு 92,000, மீதி பிளம்பிங்கும் டேங்க்கும் 51,000, டைல்ஸ் வேலை 68,000, பெயின்ட் 84,000, குப்பை அள்ளியது, வண்டி வகையறா 24,000. ஆக 4,62,000. முதல் கட்டத்தோடு சேர்த்து 8,38,000. நினைத்தது 6,40,000. ஏழு முறை போய் வந்த ரயில் செலவு இதில் இல்லை. சித்திக்கு மாதம் 5,000 என்றேன், முறைத்தார். அவர் வீட்டு அடுக்களைக்கு ஒரு சிங்க் மாற்றிக் கொடுத்ததோடு சரி.

ஊரில் ஆறு லட்சத்துக்கு ஒத்திக்குக் கேட்டார்கள். மாதாமாதம் கடன் கட்ட வேண்டியிருப்பதால் வாடகைக்கே விட்டேன், 9,000. ஜூலை முதல் தேதி குடிவந்துவிட்டார்கள்.

மறுபடி செய்தால் முன்பணம் ஒரு வாரக் கூலிக்கு மேல் கொடுக்க மாட்டேன். பொங்கல் முடியும்வரை காத்திருக்காமல் டிசம்பர் மழை ஓய்ந்த மறுவாரமே ஆரம்பித்து, மார்ச் மாதத்தை வேலை நாளாகவே எண்ண மாட்டேன். ஒப்பந்தத்தில் "48 மணி நேரம் தண்ணீர் கட்டி, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறையாமல் இருந்தால்" என்று அளவோடு எழுதுவேன். சன்ஷேடை முதல் நாளே சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். டைல்ஸ் ஒரே பேட்ச்சில் இரண்டு பெட்டி கூடுதல்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. கீழ் பாத்ரூம் முதல் கான்ட்ராக்டர் கட்டியது. அதை உடைக்கவில்லை, தண்ணீர் கட்டிப் பார்க்கவும் இல்லை. அடியில் மண்தான், ஒழுகினாலும் சொட்ட ஒரு கூரை கிடையாது. போன வாரம் சித்தி அங்கே போயிருந்தபோது வெளிச்சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்துக்குப் பெயின்ட் லேசாக உப்பியிருக்கிறது என்று ஒரு படம் அனுப்பினார். டேப் வைத்து, மூலை தெரிய எடுத்திருந்தார்.